களைநாசினியால் வந்த நோய்க்கு நட்டஈடு: வன்னி விவசாயிக்கு முழுமையான வழிகாட்டி

கனடாவில் இருந்து மருமகன் கோல் எடுக்கிறார். "மாமா, நீங்கள் முந்தி அடிச்ச புல்லு மருந்துக்கு அமெரிக்காவில கோடிக்கணக்கில காசு குடுக்கினமாம். நாங்களும் கேஸ் போடலாமாம்." இந்தக் கதை இப்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பி யாருக்காவது முற்பணம் கட்ட முன் இதை முழுவதும் வாசியுங்கள்.

அமெரிக்கக் காசு யாருக்கு?

உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், ரவுண்டப் எனும் புல்லு மருந்தில் உள்ள கிளைபோசேட்டை 2015 மார்ச்சில் 2ஏ பிரிவில் சேர்த்தது. மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அந்தப் பிரிவு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதை ஏற்கவில்லை. சொன்னபடி பாவித்தால் புற்றுநோய் வர வாய்ப்பில்லை என்பது அதன் நிலைப்பாடு. இந்த இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே, 2018 ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ யூரிகள், பாடசாலை மைதானத்துக்கு மருந்தடித்த ஒரு தொழிலாளிக்கு மொன்சாண்டோ கொம்பனி 289 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மேன்முறையீட்டில் அது 20.5 மில்லியனாகச் சுருங்கியதை வட்ஸ்அப் செய்திகள் சொல்வதில்லை. ரவுண்டப் தயாரித்த மொன்சாண்டோவை 2018 இல் வாங்கிய பேயர் நிறுவனம், 2020 ஜூனில் 10.9 பில்லியன் டொலர் வரை செலவிட்டு வழக்குகளை முடிக்க முன்வந்தது.

அந்தச் சமரசம் அமெரிக்காவில் மருந்துபட்டு அங்கே நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களுக்கானது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயலுக்கு மருந்தடித்தவருக்கு அதில் பங்கில்லை. இங்கே நடந்த பாதிப்பை அங்கே வழக்காக்கினால், உங்கள் நாட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். உங்கள் பிள்ளை அமெரிக்காவுக்குப் போய் அங்கே தோட்ட வேலையில் மருந்தடித்து நோயாளியாகியிருந்தால் கதை வேறு. அவர் அந்த மாநிலத்துச் சட்டத்தரணியைப் பார்க்கட்டும். "அமெரிக்கக் கேஸில் பெயர் பதிய ஐயாயிரம் தாங்கோ" என்று இங்கே கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஆகவே பேச வேண்டியது நம் நாட்டுச் சட்டம். இலங்கையில் களைநாசினி நோய்க்கென்று தனிச் சட்டம் கிடையாது. நீதிமன்றம் பார்ப்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் தீங்கியல் பகுதி. எதிராளி சட்டத்துக்கு மாறாக நடந்தார், அவரில் கவலையீனம் இருந்தது, அதனால்தான் இந்த நோய் வந்தது, நோயால் எனக்கு இவ்வளவு நட்டம் என்று நான்கையும் வழக்காளி நிரூபிக்க வேண்டும். மூன்றாவதில்தான் அநேகமான வழக்குகள் முறியும். கொலை வழக்குப்போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. "அப்படித்தான் நடந்திருக்கும்" என்ற பக்கம் தராசு சாய்ந்தால் போதும். ஆனால் அது சாய்வதற்குக் கடதாசி வேண்டும்.

படி 1: மருந்தையும் நோயையும் சோடி சேருங்கள்

"மருந்தடிச்சு வருத்தம் வந்தது" என்று சொல்லி வழக்குப் போட ஏலாது. எந்த மருந்து, எந்த வருத்தம் என்று பெயர் வேண்டும்.

கிளைபோசேட்டுக்கு எதிரான வழக்குகள் பெரும்பாலும் நொன் ஹொட்ஜ்கின் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் பற்றியவை. கிராமக்சோன் என்று நாம் அறிந்த பராகுவாட்டுக்கு எதிராக அமெரிக்காவில் நடப்பவை பார்க்கின்சன் நோய் பற்றியவை. ஈரல் புற்றுநோயோடும் வயிற்றுப் புற்றுநோயோடும் போய் "ரவுண்டப்தான் காரணம்" என்றால் எந்த நிபுணரும் துணைக்கு வரமாட்டார்.

சிறுநீரக நோய்தான் நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவது, அதிகம் வழுக்குவதும். வவுனியா மாவட்டத்திலும் வெலிஓயாப் பக்கத்திலும் நீரிழிவும் பிரஷரும் இல்லாத கமக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. 2014 இல் இலங்கை ஆய்வாளர்கள், கிளைபோசேட் கிணற்றின் வன்நீரோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்றொரு கருதுகோளை முன்வைத்தார்கள். கட்மியம், ஆசனிக், புளோரைட், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது என்று வேறு காரணங்களைச் சொல்பவர்களும் உண்டு. ஒன்றும் இன்னும் நிறுவப்படவில்லை. நோயறிதல் அட்டையிலேயே "காரணம் அறியப்படாத" என்று எழுதியிருக்கும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அந்த இரண்டு சொல்லே போதும். சிறுநீரக நோயை மட்டும் வைத்து ஒரு கொம்பனிக்கு எதிராக நட்டஈட்டு வழக்குப் போடும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம். சிறுநீரக நோயாளருக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விதானையார் (கிராம அலுவலர்) மூலம் விண்ணப்பியுங்கள்.

பலரும் வழக்காக நினைக்காத ஒரு வகைதான் உண்மையில் வலுவானது: உடனடிப் பாதிப்பு. கூலிக்கு மருந்தடிக்கும்போது ஒழுகின மெசினால் முதுகுத்தோல் வெந்தது, கண்ணில் தெறித்துப் பார்வை குறைந்தது, கடைக்காரர் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்ததைப் பிள்ளை எடுத்துக் குடித்தது. இவற்றில் காரணம் யார், என்ன, எப்போது என்பதெல்லாம் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்கும். பத்து வருடத்துக்குப் பிறகு வந்த புற்றுநோயை விட இதை நிரூபிப்பது பல மடங்கு சுலபம்.

படி 2: இரண்டு வருடக் கணக்கு

1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் தலைக்கு மேலே நிற்கிறது. இழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கான வழக்கை, வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மெதுவாக வரும் நோயில் அந்தக் காரணம் எந்த நாளில் எழுந்தது என்பதே வாதத்துக்குரிய விடயம். மருந்துபட்ட நாள் என்று எதிராளி சொல்வார். நோயைக் கண்டுபிடித்த நாள் என்று நாம் சொல்வோம். எப்படிப் பார்த்தாலும், பயொப்சி அறிக்கையோ முதல் நோயறிதல் அட்டையோ கையில் கிடைத்த திகதியைக் கலண்டரில் குறித்து, அதற்குப் பிந்திய எந்த நாளையும் நம்பாதீர்கள். சிகிச்சை முடியட்டும் பிறகு பார்ப்போம் என்று தெல்லிப்பழை, மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து திரும்பும்போது அந்த இரண்டு வருடம் போயிருக்கும்.

பாதிக்கப்பட்டவர் பிள்ளையாக இருந்தால் வயது வரும்வரை காலம் ஓடாது. நோயாளி இறந்துபோனால், அவரில் தங்கியிருந்த மனைவியும் பிள்ளைகளும் இழந்த வருமானத்துக்குத் தங்கள் பெயரில் வழக்குப் போடலாம். 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், மரணத்தால் இழந்த அன்புக்கும் அரவணைப்புக்கும்கூட நெருங்கிய உறவுகள் நட்டஈடு கேட்க வழி திறந்திருக்கிறது. ஆனால் அவர் பட்ட வலிக்கும் வேதனைக்குமான உரிமை, வழக்கு ஓரளவு முன்னேறாமல் இருந்தால் அவரோடேயே போய்விடும். உயிரோடு இருக்கும்போதே பதிய வேண்டும் என்று சட்டத்தரணிகள் அவசரப்படுத்துவது அதனால்தான்.

படி 3: போத்தலை எறியாதீர்கள்

வெறும் போத்தலை வரம்பிலோ வாய்க்காலிலோ எறிவது நம் பழக்கம். இனி விட்டுவிடுங்கள். மூடியை இறுக்கி, பொலித்தீன் பையில் போட்டு, பிள்ளைகளுக்கும் ஆடுமாட்டுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கழுவ வேண்டாம். லேபலை நான்கு பக்கமும் படமெடுங்கள். அதில் வேண்டியவை: மருந்தின் பெயர், செறிவு, பதிவு இலக்கம், பட்ச் நம்பர், உற்பத்தி மற்றும் காலாவதித் திகதிகள், இறக்குமதி செய்த கொம்பனி. எச்சரிக்கை தமிழில் இருந்ததா, வாசிக்கக்கூடிய அளவில் இருந்ததா என்பதும் படத்தில் விழ வேண்டும்.

பதிவு இலக்கமே இல்லையா? 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவில்லாத மருந்தை விற்க முடியாது. மன்னார்க் கரையால் கடத்தி வந்த இந்தியப் போத்தல்கள் பல இந்த வகை. அதைத் தயாரித்தவரைப் பிடிப்பது நடவாத காரியம். ஆனால் விற்றவர் சட்டத்தை மீறியதே அவரின் கவலையீனத்துக்கு நல்ல சாட்சி. பெரிய கேனில் இருந்து சிறு போத்தலுக்கு மாற்றி விற்றவருக்கும் இதே நிலைதான்.

பில் கேளுங்கள். "தெரிஞ்ச கடை, பில் எதுக்கு" என்பவர்கள் கடன் கொப்பியின் பக்கத்தையாவது படமெடுத்து வைக்கலாம். அறுவடைக்குத் தருவதாகச் சொல்லிக் கடனுக்கு எடுத்த மருந்து என்றால், அந்தக் கொப்பி கடைக்காரரின் கையெழுத்திலேயே இருக்கும். அதைவிட நல்ல பில் கிடையாது.

படி 4: போகவாரியாக ஒரு வரலாறு

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, காலபோகம், சிறுபோகம் என்று ஆண்டு ஆண்டாக எழுதுங்கள். எந்தக் குளத்தின் கீழ், எத்தனை ஏக்கர், விதைப்புக்கு முந்திய துப்புரவுக்கு என்ன அடித்தீர்கள், நெற்சப்பிக்கும் கோரைக்கும் என்ன அடித்தீர்கள், நீங்களே அடித்தீர்களா, கூலிக்கு அடித்தவர் யார், எத்தனை டாங்கி, கையுறை, பூட்ஸ் போட்டீர்களா, மெசின் ஒழுகியதா. உண்மையை மட்டும் எழுதுங்கள். கையுறை போடாதது வழக்கைக் கொல்லாது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் பங்குக் கவலையீனத்துக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைப்பார்களே தவிர முழுவதும் மறுக்கமாட்டார்கள். போட்டேன் என்று பொய் சொல்லிக் குறுக்கு விசாரணையில் அகப்பட்டால்தான் எல்லாம் போகும்.

தடைக் காலங்களை மனதில் வைத்து எழுதுங்கள். கிளைபோசேட்டுக்கு 2015 இல் நாடு முழுவதும் தடை வந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 2022 ஓகஸ்டில் இறக்குமதித் தடையை நீக்கினார்கள். பராகுவாட்டை 2008 தொடங்கி 2011 அளவில் முற்றாக அகற்றினார்கள். "2019 இல் நெல்லுக்கு ரவுண்டப் அடித்தேன்" என்று எழுதினால், எங்கே வாங்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பதில் இருந்தால் எழுதுங்கள்.

2009 இல் வீட்டையும் பத்திரத்தையும் விட்டு ஓடிய நமக்கு அதற்கு முந்திய சான்று இல்லை என்பது நீதிமன்றத்துக்கும் தெரிந்த கதை. மீள்குடியேறிய பின்னான காலத்துக்குக் கமநல சேவை நிலையம் உதவும். கமத்தொழில் காணி இடாப்பிலும் உர மானியப் பதிவுகளிலும் எந்தப் போகத்தில் எத்தனை ஏக்கர் செய்தீர்கள் என்பது இருக்கும். குத்தகைக்குச் செய்தவர்கள் குத்தகைத் துண்டையும், கமக்கார அமைப்பின் செயலாளரிடம் ஒரு கடிதத்தையும் எடுங்கள். பக்கத்து வயல்காரர் இரண்டு பேரின் சத்தியக் கடதாசி இருந்தால் இன்னும் நல்லது.

படி 5: வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும்

கிளினிக் கொப்பியில் உங்கள் தொழில் "விவசாயம்" என்றுகூட எழுதாத கொப்பிகள் ஏராளம். அடுத்த கிளினிக்கில், "டொக்டர், நான் இத்தனை வருஷம் இந்த மருந்து அடிச்சனான், அதை எழுதி விடுங்கோ" என்று கேளுங்கள். வழக்குக்கு முந்திய காலத்தில் வைத்தியர் கைப்பட எழுதிய ஒரு வரி, வழக்குக்காகப் பிறகு எழுதிய பத்துப் பக்கத்தைவிட மதிப்பானது.

நோயறிதல் அட்டை, பயொப்சி, ஸ்கேன், இரத்த அறிக்கைகள் எல்லாவற்றின் பிரதியும் வேண்டும். விடுதியில் இருந்த காலத்துக் கட்டில் அட்டைப் பிரதிக்கு ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பழைய பதிவுகளை அழிப்பதுண்டு, பிந்தாதீர்கள்.

இப்போது இரத்தம் சோதித்தால் அந்த மருந்து தெரியுமா என்று பலரும் கேட்கிறார்கள். தெரியாது. கிளைபோசேட் சில நாட்களில் சிறுநீரோடு போய்விடும். கொலினெஸ்டரேஸ் சோதனை சில பூச்சிமருந்துகளுக்கானது; களைநாசினியை அது காட்டாது. தனியார் ஆய்வுகூடத்தில் காசைக் கரைக்க வேண்டாம். உடனடிப் பாதிப்பு என்றால் மட்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போத்தலையும் கொண்டு போங்கள். சிகிச்சைக்கும் அது தேவை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கும் தேவை.

வழக்கு நீதிமன்றம் போனால், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவின் கீழ் ஒரு நிபுணர் வந்து "இந்த நோயாளிக்கு, இந்த அளவு பாவனையில், இதுவே பெரும்பாலும் காரணம்" என்று சொல்ல வேண்டும். புகை, வெற்றிலை, குடும்ப நோய் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எடுப்பார். புற்றுநோய் வழக்குப் போட விரும்புபவர் சட்டத்தரணியைத் தேட முன் இப்படி ஒரு நிபுணர் கிடைப்பாரா என்று பார்க்க வேண்டும்.

படி 6: யார் எதிராளி, எந்தக் கதவு

கூலிக்கு அடித்தவரா? உங்களை வேலைக்கு வைத்தவர்தான் முதல் ஆள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆணையாளருக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளியின் கவலையீனத்தை அங்கே நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் வந்தது என்பதே கேள்வி. அயல் வயலுக்கு அடித்த மருந்து காற்றில் வந்து பட்டதா? அயலவர். சிறு தொகை என்றால் மத்தியஸ்த சபையைத் தாண்டித்தான் நீதிமன்றம் போகலாம். ஒரே வாய்க்காலில் தண்ணி பாய்ச்சுகிறவர்களுக்கு அதுவே நல்ல இடமும்.

கடைக்காரருக்கு எதிராக என்றால், வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. பெரிய நட்டஈடு அங்கே கிடைக்காது. கடையைச் சோதனையிட்டு ஒரு பதிவு உண்டானால் அது பிந்திய வழக்குக்கு உதவும்.

இறக்குமதியாளருக்கு எதிராக என்றால் முதலில் தகவல் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். பேராதனை கெட்டம்பேயில் உள்ள பீடைகொல்லிகள் பதிவாளர் அலுவலகத்துக்கு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதலாம்: இந்தப் பதிவு இலக்கம் யாருக்கு, எந்தக் காலத்துக்கு வழங்கப்பட்டது, அங்கீகரித்த லேபலின் பிரதி, இதைப் பற்றி வந்த முறைப்பாடுகள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு, பிறகு தகவல் உரிமை ஆணைக்குழு. அங்கீகரித்த லேபலுக்கும் உங்கள் போத்தலில் இருந்த லேபலுக்கும் வித்தியாசம் இருந்தால் அதுதான் உங்கள் வழக்கின் நடுக்கம்பம்.

அரசுக்கு எதிராக அடிப்படை உரிமை மனுவும் உண்டு. உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் இந்த வழியாலேயே 2019 ஏப்ரலில் இரண்டு கோடி ரூபா நட்டஈடு உத்தரவு கிடைத்தது. அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியவற்றில் நீர் வழங்கல் சபையின் கிணற்றுச் சோதனை அறிக்கைகள் முக்கியமானவை. ஒரு ஊரே பாதிக்கப்பட்டிருந்தால், கூட்டாகக் கிணற்று நீரைச் சோதித்து வைப்பது ஒவ்வொருவரும் தனியாக அழுவதைவிடப் பயன் தரும். பலருக்குப் பொது நலன் இருக்கும் விடயத்தில் நீதிமன்ற அனுமதியோடு ஒருவர் எல்லோருக்குமாக வழக்காடவும் குடியியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 16 ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து தவணை கட்டியவர்கள், அங்கவீனக் கொடுப்பனவும் மரணக் கொடுப்பனவும் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு வழக்கே தேவையில்லை. கமநல நிலையத்தில் கேளுங்கள்.

படி 7: சட்டத்தரணி, கோரிக்கைக் கடிதம், வழக்கு

வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். நீதிமன்றங்களை அண்டியே அவை இருக்கின்றன. வருமானத்தைக் காட்ட விதானையாரின் கடிதம் கொண்டு போங்கள். தனியாகச் சட்டத்தரணி பிடித்தால் பிறாக்சியில் (உங்களுக்காக வழக்காட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில்) கையெழுத்து வைக்க முன் செலவை எழுத்தில் கேளுங்கள், கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். "நிச்சயம் வெல்லலாம் அண்ணை" என்று முதல் நாளே சொல்பவரிடம் இருந்து எழும்பி வாருங்கள்.

முதலில் போவது கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில். அரசையோ அரச அலுவலரையோ எதிராளியாக்கினால் ஒரு மாத அறிவித்தல் கட்டாயம். நட்டத்தைத் தலைப்புத் தலைப்பாகக் கணக்கிடுங்கள்: யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போன பஸ் காசு, கூட நின்றவரின் கூலி, வெளியில் வாங்கிய மருந்து, விதைக்காமல் விட்ட போகங்கள், இனி வரப்போகும் சிகிச்சை, வலி வேதனை. விதைக்காத போகத்துக்கு அயல் வயலின் விளைச்சலும் அந்த ஆண்டின் நெல் விலையும் சான்றாகும்.

வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஆஸ்பத்திரிக் கடதாசிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு செலவு வரும். மாவட்ட நீதிமன்ற வழக்கு வருடக் கணக்கில் இழுக்கும். நோயாளி பலவீனமாக இருந்தால் அவரின் சாட்சியத்தை முன்கூட்டியே பதிய முடியுமா என்று சட்டத்தரணியைக் கேளுங்கள்.

படி 8: சமரசம் பேச வந்தால்

பெரிய கொம்பனியோ ஊர்க் கடைக்காரரோ, வழக்குப் பலமாகத் தெரிந்தால் ஆள் அனுப்புவார்கள். பேசுவதில் தவறில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தோ, இரவில் வீட்டு முற்றத்தில் வைத்தோ நீட்டும் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வேண்டாம். அதில் "இது தொடர்பாக இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்றொரு வரி இருக்கும். நோய் பிறகு கூடினாலும் அந்த வரி உங்களைக் கட்டும். தொகை எவ்வளவு, எப்போது, எத்தனை தவணை, இனி வரும் சிகிச்சைச் செலவு சேர்ந்ததா என்பதை உங்கள் சட்டத்தரணி முன்னால் எழுதுங்கள். வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் சமரச நிபந்தனைகளை வழக்கேட்டில் பதிவித்துத் தீர்ப்பாணையாக எடுங்கள். தவணை தவறினால் புது வழக்குப் போடாமலே நிறைவேற்றக் கேட்கலாம்.